ரகுவுக்கு ஒரு பை

எங்கள் கட்டடத்தில் எல்லோரும் மாடி வீட்டு மாமியிடம் மறைத்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். யார் எந்த ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்பது.

மற்ற எதையும் மாமியிடம் சொல்லலாம். வீட்டுச் சண்டை, நின்றுபோன கல்யாணம், ஆஸ்பத்திரி ரிசல்ட், எதுவும் அவர் வாயிலிருந்து வெளியே போகாது. ஆனால் காட்பாடிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் தொலைந்தோம். கிளம்புகிற நேரத்தில் தி.நகர் ஜவுளிக்கடைக் கட்டைப் பை ஒன்றோடு வாசலில் நிற்பார். காட்பாடியில் அவருக்கு ஓர் ஓரகத்தி இருப்பாள். அந்த ஓரகத்திக்கு மாவடு போகவேண்டும்.

மாமி கெஞ்ச மாட்டார். வாதாடவும் மாட்டார். பையை நம் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கை இரண்டையும் முந்தானையில் துடைத்துக்கொண்டு நிற்பார். நாம் வேண்டாம் என்று சொன்னால், "மேல ஒண்ணும் வெக்காதே, அப்பளம் நொறுங்கிடும்" என்பார். அவ்வளவுதான்.

என் அப்பாவுக்குச் சிந்தாதிரிப்பேட்டையில் லேத் பட்டறை. ஒருமுறை மெஷினுக்கு ஏதோ பாகம் வாங்கக் கோயம்புத்தூர் கிளம்பினார். மாமி கொடுத்த பையைத் தூக்கப் பார்த்தார், பை எழும்பவில்லை. உள்ளே ஆட்டுக்கல் குழவி.

"மாமி, கோயம்புத்தூர்ல இல்லாத கல்லா?"

"இருக்கும். இது எங்கம்மா அரைச்சது. தங்கை ரொம்ப நாளா கேட்டுண்டிருக்கா."

அப்பா குழவியைத் தோளில் சுமந்துகொண்டு ரயில் ஏறினார். இரும்பு தூக்கிப் பழகிய ஆள், அதனால் பிழைத்தார். திரும்பி வந்ததும் மாமி கீழே இறங்கி வந்தார். குழவி பத்திரமாகப் போனதா என்று கேட்கவே இல்லை. யார் கதவைத் திறந்தது, உள்ளே உட்காரச் சொன்னார்களா, காபி கொடுத்தது தங்கையா மருமகளா, தங்கையின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது, சுவரில் புதுச் சுண்ணாம்பா பழசா என்று நிற்க வைத்துக் கேட்டார். அப்பா பட்டறை மொழியில் அதற்கு ஒரு பெயர் வைத்தார்.

"அது பார்சல் இல்ல பாப்பா. கேமரா. நம்ம தலையில மாட்டி அனுப்புது அந்த அம்மா."

நாங்கள் சிரித்தோம். அப்போது எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

மாமியின் கணவர் போய்ச் சேர்ந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். ஒரே மகன் ரகு, கனடாவில். காரியத்துக்கு வரவில்லை. தெருவே பேசியது. "டிக்கெட் கெடைக்கல அவனுக்கு" என்று மாமி எல்லோரிடமும் ஒரே மாதிரி சொன்னார். அதற்கு மேல் யாரையும் பேசவிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ரகுவுக்குப் போகிற பைகள் பெரிதாகிக்கொண்டே போயின. வருஷத்தில் யாராவது ஒருவர் அந்தப் பக்கம் போகத்தான் போகிறார். மாமி பிடித்துவிடுவார்.

எனக்கும் கனடாவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. ஜனவரியில் சேரவேண்டும். மைனஸில் இருக்கும் என்றார்கள். மயிலாப்பூரில் மார்கழிக்கே காதில் பஞ்சு வைத்துக்கொள்கிற குடும்பம் எங்களுடையது. அடையாற்றில் ஒரு பெண், அங்கே ஒரு குளிர்காலம் மட்டும் படித்துவிட்டுத் திரும்பி வந்தவள், தன்னுடைய கோட்டையும் பூட்ஸையும் எனக்குக் கொடுத்தாள். முழங்கால் வரைக்கும் வருகிற, பஞ்சு அடைத்த கறுப்புக் கோட்டு. ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்டேன்.

"போ, தெரியும்" என்றாள். கோட்டை என் கையில் கொடுத்தபோது, "இது இல்லாம வெளிய கால் வெக்காத. விளையாட்டுக்குச் சொல்லல" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் அம்மா எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். மாமிக்குத் தெரியக்கூடாது. ரகு இருப்பதும் அதே ஊர்.

சத்தியம் வாங்கிய அதே அம்மா கோட்டில் பூஞ்சை வாசம் வருகிறது என்று துவைத்து மொட்டைமாடிக் கொடியில் போட்டாள். அந்தக் கோட்டு மார்கழி வெயிலில் காய்வேனா என்றது. புடவைகளுக்கும் லுங்கிகளுக்கும் நடுவில் தலை இல்லாத ஆள் மாதிரி தொங்கியது. நான் எடுக்கப் போனபோது மாமி அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கை கோட்டின் உள்பக்கத்தில் இருந்தது.

"இது யாரோடதுடி?"

"ஃப்ரெண்டோடது மாமி."

"இது ஊட்டிக்குப் போட்டுக்கறது இல்ல. எந்த ஊர்?"

இவ்வளவு பெரிய கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன பொய் சொல்வது? ஊர் பெயரைச் சொன்னேன். மாமி கையை வெளியே எடுத்தார்.

"ரகு அங்கதான் இருக்கான்" என்றார். துணியை மடிக்காமலே கீழே இறங்கிப் போய்விட்டார்.

அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாடி, சொல்லிட்டியா? ஒரு விஷயம் நிக்குதா உன் வாயில?"

"நான் எங்க சொன்னேன்? உன் கொடிதான் சொல்லிச்சு."

பிறகு அம்மா குரலைத் தாழ்த்தினாள். முதல் மாடியில் இருக்கிற ஆபீசர் சார் போன வருஷம் மாமியின் பையைக் கொண்டுபோயிருந்தார். ரகு ஃபோனில், நான் வாங்கிக்க மாட்டேன், தூக்கிப் போட்டுடுங்க என்று சொல்லிவிட்டானாம். ஆபீசர் ஹோட்டலிலேயே விட்டுவிட்டு வந்தார். மாமியிடம் மட்டும், கொடுத்துட்டேன், பையன் ஜோரா இருக்கான் என்றார்.

"நீயும் அப்புடித்தான் பொய் சொல்லணும். தேவையா நமக்கு? முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடு" என்றாள் அம்மா.

சொன்னேன். எனக்கு அது கஷ்டமான வேலை இல்லை. மாடிப்படியில் நிறுத்தி, "மாமி, என் பெட்டியில இடம் கிடையாது. ரகுவுக்கு எதுவும் எடுத்துட்டுப் போக மாட்டேன்" என்றேன்.

"சரிடி கொழந்தே" என்றார்.

மாமி சரி என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்கவேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் நான் திருவல்லிக்கேணியில் அத்தையிடம் சொல்லிக்கொள்ளப் போயிருந்தேன். அம்மா சாமான் வாங்கப் போனாள். கேஸ் சிலிண்டர் வரும் என்று வீட்டுச் சாவியை மாமியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். எங்கள் கட்டடத்தில் எல்லோர் வீட்டுச் சாவியும் எல்லோரிடமும் இருக்கும். அது எங்களுக்குப் பெருமை வேறு. ஹாலில் பெட்டி திறந்து கிடந்தது. மேலாக மடித்து வைத்தது கோட்டும் பூட்ஸும். இறங்கியதும் எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே மேலே வைத்தது. நான் திரும்பி வந்தபோது பெட்டி மூடிக் கயிறு கட்டி இருந்தது. அம்மா கட்டினாள் என்று நான் நினைத்தேன். நான் கட்டினேன் என்று அம்மா நினைத்தாள்.

மாமி ஏர்போர்ட்டுக்கும் வந்தார். கூப்பிடாமலே காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். மாமி மட்டும் என் கையைப் பிடித்து, "ரகு வருவான். ஒண்ணும் பயப்படாதே" என்றார். ரகு எதற்கு வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்பா அழும்போது வேறு எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. உள்ளே எடை போட்டார்கள். சரியாக இருந்தது.

அங்கே இறங்கி, பெட்டியை ஓரமாக இழுத்துப்போய்க் கயிற்றை அறுத்துத் திறந்தேன். கோட்டு இல்லை. பூட்ஸ் இல்லை. அந்த இடத்தில் கச்சிதமாக ஒரு கட்டைப் பை.

முதலில் வேறு யாருடைய பெட்டியோ என்று நினைத்தேன். கீழே என் சுடிதார்கள் இருந்தன. பையைப் பிரித்தேன். பருப்புப் பொடி, நார்த்தங்காய், தீபாவளி மருந்து. பழுப்பு நிற ஸ்வெட்டர் ஒன்று உருண்டையாக. அதற்குள் மஃப்ளர். அதற்குள் நல்லெண்ணெய் பாட்டில். அந்த ஸ்வெட்டர் எனக்குத் தெரியும். மாமா விடியற்காலையில் கோயிலுக்குப் போகும்போது போட்டுக்கொள்வது.

பக்கத்தில் கதவு தானாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வந்த காற்று என் முகத்தில் அறைந்தது. அதைக் குளிர் என்று சொன்னால் போதாது. மூக்குக்குள் ஏதோ உடைகிற மாதிரி இருந்தது. வெளியே ஆட்கள் கண் மட்டும் தெரியப் போனார்கள். நான் பருத்திச் சுடிதாரில், கான்வாஸ் ஷூவில் நின்றேன்.

வீட்டுக்கு ஃபோன் போட்டேன். அம்மா அழ ஆரம்பித்தாள். மாமி ஃபோனை வாங்கினார்.

"கோட்டு எங்காத்து பீரோல பத்திரமா இருக்குடி. பூச்சி உருண்டை போட்டு வெச்சிருக்கேன்."

"அத எதுக்கு எடுத்தீங்க?"

"எடை இடிச்சுது. ரகு உனக்குப் புதுசு கொண்டுவருவான். கார் வெச்சிருக்கான். வாசல்ல நிப்பான் பாரு."

"அவர்கிட்ட பேசினீங்களா?"

"மெசேஜ் போட்டிருக்கேன்."

"பதில் வந்துச்சா?"

"ரெண்டு டிக் வந்துதே."

"நீலமா ஆச்சா மாமி?"

அந்தப் பக்கம் எங்கள் வீட்டு மின்விசிறி கடகடப்பது மட்டும் கேட்டது.

"உங்களுக்குப் புத்தி இருக்கா? செத்துப் போயிடுவேன் இங்க! உங்க பருப்புப் பொடிக்காக நான் சாவணுமா?" என்று கத்தினேன். அவ்வளவு பெரிய இடத்தில் யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. திட்டுவதற்கு வசதியான ஊர்.

மாமி கோபப்படவில்லை. "வருவான்டி" என்றார்.

வரவில்லை. காத்திருந்தேன். என்னோடு வந்தவர்கள் எல்லோரும் போய், அடுத்த விமானத்து ஆட்களும் போனார்கள். கடைசியில் இரண்டு சுடிதாரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மேலே மாமாவின் ஸ்வெட்டரை மாட்டி, மஃப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். ஸ்வெட்டரில் கற்பூரமும் பெருங்காயமும் கலந்த வாசனை. பஸ் வருவதற்குள் விரல்கள் என்னுடையவை மாதிரி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மாமியைத் திட்டிக்கொண்டே நின்றேன். திட்டுகிற வரைக்கும் மயங்கி விழமாட்டேன் என்று தோன்றியது.

அந்த வாரம் வகுப்புக்கு ஓடினேன், அறைக்கு ஓடினேன். அவ்வளவுதான் வெளியே போனது. காது மடல் தோல் உரிந்தது. காலையில் நான் கிளம்பும் நேரம் அங்கே மாமி விளக்கேற்றி முடித்திருப்பார். தினமும் கூப்பிட்டார். எடுத்ததும் ஒரே கேள்வி. "பாத்தியா?" கொடுத்தாயா என்று அல்ல. பார்த்தாயா என்று.

சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். மாமிக்காக அல்ல. அந்த ஆளை நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று. முகவரி பைக்குள்ளேயே ஒட்டி இருந்தது.

கதவைத் திறந்தவருக்கு முன்தலையில் முடி கொட்டியிருந்தது. மாமியின் அதே மூக்கு. என்னைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார். தி.நகர்க் கடைப் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.

"அம்மா அனுப்பினாளா? எடுத்துண்டு போயிடுங்கோ. ஆபீசர்கிட்டயே சொல்லிட்டேன்."

"நில்லுங்க."

"என்ன நில்லுங்க? ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் வருவான். பையை நீட்டுவான். என் தோளுக்கு மேல உள்ள எட்டிப் பாப்பான். அப்பா போனப்போ எனக்கு விசா சிக்கல், வெளிய போனா திரும்ப வர முடியாது. நான் இங்க சோறு எறங்காம கெடந்தேன். அந்த வாரம் ஒருத்தர் வந்தார் பையோட. ஊருக்குப் போய், நன்னாதான் இருக்கான், புதுக் கார் நிக்கறது வாசல்லன்னு சொன்னார். அன்னிலேர்ந்து அம்மா எனக்கு ஃபோன் பண்றதில்ல. பைதான் வரது."

"நீங்க பண்ண வேண்டியதுதானே?"

"எடுக்கலைன்னா?"

என் தாடை ஆடிக்கொண்டிருந்தது.

"உங்க வீட்டுக் கதை எனக்கு வேணாம். எனக்குக் குளுருது. உங்கம்மா என் கோட்ட எடுத்துட்டு இந்தப் பைய வெச்சுட்டாங்க. நீங்க கோட்டோட வருவீங்களாம். ஒரு வாரமா இதப் போட்டுக்கிட்டு சாவறேன்."

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். ஸ்வெட்டரைப் பார்த்தார். கை கதவின் விளிம்பை இறுக்கியது.

"இது எங்கேர்ந்து..."

"எண்ணெய் பாட்டில் உடையக்கூடாதுன்னு சுத்தி வெச்சிருந்தாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஃபோனை எடுத்து மாமிக்கு வீடியோ போட்டேன். ரகுவிடம் கேட்கவில்லை. மாமி உடனே எடுத்தார். வழக்கம்போல அவர் நெற்றியும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன.

"பாத்தியா?"

"நீங்களே பாருங்க" என்று ஃபோனைத் திருப்பி ரகுவின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவர் கதவைச் சாத்தியிருக்கலாம். மாமி வைத்துவிட்டிருக்கலாம். இரண்டு பேரும் அசையவில்லை. நான் கையை நீட்டியபடி நின்றேன். விரல் மரத்துப்போய் ஃபோன் விழுந்துவிடும் என்று பயந்தேன். மாமியின் படம் அசைந்து, நெற்றி போய், கண் வந்தது.

மாமிதான் பேசினார்.

"டேய், அந்தப் பொண்ணுக்கு ஒரு கோட்டு குடுடா. நான்தான் எடுத்து வெச்சுட்டேன்."

"ம்" என்றார் ரகு.

உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது. திரும்பி வந்தபோது கையில் அவருடைய கோட்டு.

"காது மூடறாப்பல இருக்கா?" என்றது ஃபோன்.

"இருக்கும்மா."

மாமி வைத்துவிட்டார்.

ஸ்வெட்டருக்கு மேல் அந்தக் கோட்டு ஏறவில்லை. வாசலிலேயே ஸ்வெட்டரைக் கழற்றினேன். எங்கே வைப்பது என்று பார்ப்பதற்குள் ரகு கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பையைப் படியில் வைத்துவிட்டு நடந்தேன். எடுத்துக்கொண்டாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை. நான் கேமரா இல்லை.

அதற்குப் பிறகு மாமி என்னைக் கூப்பிடுவது நின்றது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, இன்றுவரை. அந்தக் கட்டடத்தை இப்போது இடித்துவிட்டார்கள். மாமி கோயம்புத்தூரில் தங்கையோடு இருக்கிறார். அவர் பெயர் என்ன என்பதே எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் மாமிதான்.

ஆனால் அன்றைக்கு அது முடியவில்லை. பனி உருகி மரங்கள் துளிர்க்க ஆரம்பித்த நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். நந்தனத்திலிருந்து வந்திருக்கிறாளாம், எனக்கு ஒரு பார்சல் இருக்கிறதாம். போய் நின்றேன். கட்டைப் பையை நீட்டினாள். நீட்டிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. இளைச்சிருக்கீங்களான்னு மாமி பாக்கச் சொன்னாங்க."

உள்ளே என் கறுப்புக் கோட்டும் பூட்ஸும், பூச்சி உருண்டை நாற்றத்தோடு. குளிர்காலமே முடிந்துபோன பிறகு. அறைக்கு வந்து கோட்டை உதறினேன். அதன் வலது கை கனமாக இருந்தது. உள்ளே விட்டு இழுத்தால் மாவடு டப்பா. மேலே பிளாஸ்திரி ஒட்டி, ரகு என்று எழுதியிருந்தது.

எனக்குத் தலைக்கு ஏறியது. அந்த ஆளுக்கு ஃபோன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "மாவடுதானே? அம்மா காலைல சொன்னா. நானே வந்து வாங்கிக்கறேன்" என்றார்.

"தினமும் பேசறீங்கல்ல? அப்ப உங்க அட்ரஸுக்கே அனுப்ப வேண்டியதுதானே? நடுவுல நான் எதுக்கு?"

"நானும் கேட்டேன்" என்றார்.

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. டப்பாவோடு போய்த் திறந்தேன். ரகு நின்றிருந்தார். பழுப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தார். டப்பாவை வாங்கிக்கொண்டார், போகவில்லை. கொஞ்சம் நெளிந்தார். பிறகு என் தோளுக்கு மேல் உள்ளே எட்டிப் பார்த்தார். ஹீட்டரை, அடுப்பை, மேஜைமேல் இருந்த சோற்றுப் பாத்திரத்தை.

நான் கதவை முழுசாகத் திறந்து ஓரமாக நகர்ந்தேன்.

"நல்லாப் பாத்துக்கோங்க. கேப்பாங்க" என்றேன்.